தொட்டி மா

மாமரத்துக்கு நிறையத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வீட்டில் மரம் வளர்க்கிறவர்கள் செய்கிற முதல் தவறு அதுதான். ஆசையாகக் கன்று வாங்கி வந்து வைப்பார்கள், ஆசை தீரும் மட்டும் ஊற்றுவார்கள், கொஞ்ச நாளில் இலை மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அப்புறம் கன்று விற்றவனைத் திட்டுவார்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டவில்லை என்றால் ஊற்றுங்கள். தட்டினால் பேசாமல் உள்ளே போய்விடுங்கள்.

நீங்கள் வந்து உட்கார்ந்ததும், "மரமெல்லாம் ரொம்ப நல்லா வச்சிருந்தீங்க போல" என்றீர்கள். என்னைப் பேசவைப்பதற்காகச் சொன்னதுதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் அங்கிருந்து ஆரம்பித்தேன். எதையும் மறைக்கிற எண்ணம் எனக்கில்லை. அந்தந்த விஷயம் வரும்போது அதை அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுக்க சிமென்ட் தளம். கல்யாணமான புதிதில் நானே போட்டது. மண்தரை என்றால் சேறு, பூச்சி, எறும்புப் புற்று, எதையும் ஒழுங்கில் வைக்க முடியாது. நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களைப் பாதியாக அறுத்து, இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அடியில் துளை போட்டு, சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தேன். மா, கொய்யா, எலுமிச்சை, மாதுளை, சப்போட்டா, ஓர் அத்தி. எல்லாம் என் நெஞ்சு உயரத்துக்கு மேல் போகாது. பார்க்கிறவர்கள் ஏதோ போன வருஷம் வைத்த கன்று என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த மாமரத்துக்கு என் மகள் வயது. அவள் பிறந்த வாரம் கொட்டை போட்டு முளைக்கவைத்தது. அவளுக்கு இப்போது இருபது நடக்கிறது.

எப்படிச் சின்னதாக வைத்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் டிரம்மைச் சாய்த்து மரத்தை அப்படியே வெளியே உருவ வேண்டும். உள்ளே வேர் டிரம்மின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி, சிக்குப் பிடித்த கூந்தல் மாதிரி இருக்கும். சுற்றிலும் ஒரு பங்கை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டு, மேலே கிளையையும் அதே அளவுக்குக் கழித்து, புது மண் போட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். கொஞ்ச நாள் வாடும். பிறகு தெளிந்துவிடும். மாமரம் பூத்ததில்லை. பூக்கவேண்டும் என்று நானும் எதிர்பார்த்ததில்லை. இலை பச்சையாக இருந்தது, என் கண் முன்னால் இருந்தது, போதும்.

நான் டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். சூளையிலிருந்து வரும் டைல்களைச் சின்ன மரச் சுத்தியால் தட்டிப் பார்ப்பது என் வேலை. நல்ல டைல் கணீர் என்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் சத்தம் அமுங்கிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தள்ளிவிடுவேன். தள்ளியதில் கொஞ்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைத்து, டிரம்மின் அடியில் போடுவேன். தண்ணீர் தேங்காது. என்னுடைய மேற்பார்வையாளர் சொல்வார், "உன்கிட்ட பாஸ் ஆகணும்னா கடவுளே நேர்ல வரணும்யா" என்று. கேலியாகச் சொன்னதுதான். நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தச் சூட்டில் நாள் முழுக்க நிற்பது உடம்புக்கு நல்லதல்ல. அவள் மறுத்துப் பேசவில்லை. பொதுவாகவே அதிகம் பேசுகிறவள் அல்ல. எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எதிர்வீட்டு நர்ஸைத் தவிர.

மகளை எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வளர்ந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. அவள் சின்னவளாக இருக்கும்போது ஒருமுறை எலுமிச்சையில் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டது. இலையெல்லாம் எச்சம். தளத்தில் தேய்த்தாலும் போகாத கறை. நான் கூட்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டு மேலே ஒரு டைலை வைத்தேன். அதுதான் சீக்கிரம் முடிகிற வழி. பாப்பா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் என்னிடம் பேசவில்லை. குழந்தைகள் அப்படித்தான். அப்புறம் பேசினாள்.

பள்ளிக்கூடம் முடித்ததும் நர்ஸ் படிப்புக்குப் போகிறேன் என்றாள். எதிர்வீட்டு நர்ஸ் கொடுத்த யோசனை. வேறு ஊர், அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். நான் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. சேர வேண்டிய நாளன்று அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே என் மனைவி. நான் கதவைச் சாத்தப் போனேன். என் மனைவி கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கையை வைத்திருந்தாள்.

"என்னங்க, அவ போகட்டும்ங்க. ஒரே ஒரு தடவ நான் சொல்றதக் கேளுங்க" என்றாள்.

நான் கதவைச் சாத்தினேன். மணிக்கட்டு எலும்பு முறிந்துபோனது. அதற்குக் கட்டுப் போட்டதும் எதிர்வீட்டு நர்ஸ்தான். எப்படி ஆச்சு என்று கேட்டபோது, கதவில் மாட்டிக்கொண்டது என்று என் மனைவியே சொன்னாள். அது உண்மைதானே. பாப்பா அதன் பிறகு படிப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. காலையில் எழுந்து தளத்தைப் பெருக்கி, நான் சொன்ன தொட்டிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுவாள். வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. எனக்கு அது நல்ல காலம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

அந்த நேரத்தில்தான் என் மைத்துனன் வந்தான். என் மனைவியின் தம்பி. லாரி ஓட்டுகிறவன். முதுகெலும்பில் ஏதோ அறுவைச் சிகிச்சை செய்து, கொஞ்ச காலம் வண்டி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் ஆகாதவன், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அவனுடைய லாரி செட்டில் அவனுக்கு 'ஹாரன்' என்று பெயராம். தொண்டை அப்படி. அவன் முன்அறையில் தும்மினால் பின்பக்கம் கொய்யா இலை ஆடும்.

நான் அவனை வரவேற்றேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முன்அறைக் கட்டிலை அவனுக்குக் கொடுத்தது நான். முதுகுக்குப் பலகை வைத்து மெத்தையைச் சரிசெய்ததும் நான்தான்.

வந்த மறுநாள், இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு மெதுவாக நடந்து பின்பக்கம் வந்தான். மாமரத்தின் முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தான்.

"அத்தான், இது மரமா, ஊறுகாயா? ஜாடியில போட்டு மூடி வச்சிருக்கீங்க?"

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அல்ல. துவைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பாள் என்றே எனக்குத் தெரியாது. பாப்பாவும் சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

"பாப்பா, உன் வயசு இதுக்கு. நீ எவ்ளோ வளந்துட்ட, இது பாவம் இன்னும் ட்ரவுசர் போட்டுக்கிட்டு நிக்குது" என்றான்.

அன்றைக்கெல்லாம் வீட்டில் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சாப்பிட உட்காரும்போது ஒருவர் ஆரம்பித்தால் போதும்.

பிறகு இப்படியே போனது. அவன் எதையும் வேண்டுமென்று செய்கிறவன் அல்ல, அதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் வானொலி பாடத் தொடங்கியது. என் மனைவி சமைக்கும்போது முணுமுணுவென்று கூடவே பாடினாள். பாப்பாவுக்கு அவன் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். தெருவில் அவள் விழுந்து முழங்கால் சிராய்ந்து வந்தபோது நான் மருந்து எடுக்கப் போனேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்ப ஏறிப் போய்விட்டாள். மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றது எதிர்வீட்டு நர்ஸுக்குத் தெரிந்திருக்கும். அவர் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசல் வரைக்கும் சிமென்ட் தூள். பின்பக்கம் போனால், தளத்தின் நடுவில் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு சிமென்டை உடைத்துத் தோண்டியிருந்தார்கள். மாமரம் அதில் நின்றது. நீல டிரம் பிளந்து ஓரமாகக் கிடந்தது. முதுகுவலிக்காரன் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கடப்பாரை பிடித்தவள் என் மனைவி. முறிந்து கூடிய கையாலேயே. பாப்பா மண்ணை அள்ளியிருக்கிறாள். இருவருக்கும் முழங்கை வரை மண். என்னைப் பார்த்ததும் இருவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"நான்தான் அத்தான் சொன்னேன். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க" என்றான் அவன்.

"எதுக்குத் திட்டணும்? வச்சாச்சு. சுவர்ல விரிசல் விடும், அவ்வளவுதான்" என்றேன்.

"விட்டா பூசிக்கலாம் அத்தான். சுவர் என்ன, திரும்பக் கட்டிக்கலாம்."

கை கால் கழுவிவிட்டு டீ குடித்தேன். அன்று யாரையும் நான் ஒரு சொல் சொல்லவில்லை. வேறொருவராக இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பார்.

மரம் பிழைக்காது என்றுதான் நினைத்தேன். அவ்வளவு காலம் வளைந்து கிடந்த வேர் திடீரென்று எங்கே போகும்? ஆனால் போனது. முதல் மழைக்குப் பிறகு தளிர் விட்டது. செம்பு நிறத்தில், ஈரமாக, தொட்டால் கிழிந்துவிடும் போலத் தளிர். அது பச்சையாகும் முன்பே அடுத்தது. என் தோளைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. சுவருக்கு மேலே எட்டித் தெருவைப் பார்த்தது. இவ்வளவையும் இத்தனை வருஷம் உள்ளேயே வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றும் தெரியாதது போல நின்றிருக்கிறது. நான் அதை ஒரு நம்பிக்கைத் துரோகமாக எடுத்துக்கொண்டேன் என்று உங்கள் உதவியாளர் எழுதியிருக்கிறார். நான் அந்த வார்த்தையைப் பயன்படுத்தவில்லை. ஆச்சரியமாக இருந்தது என்றேன்.

மைத்துனனுக்கு முதுகு சரியாகிவிட்டது. கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. அதற்குள் மாமரம் பூத்துவிட்டது. வேலையிலிருந்து வரும்போது தெருமுனையிலேயே வாசம் அடிக்கும். மாலையில் மூவரும் அதன் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சில சமயம் எதிர்வீட்டு நர்ஸும் வந்திருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும். நின்றுவிடும் என்றால் ஒரேயடியாக அல்ல. முதலில் என் மனைவி நிறுத்துவாள், பிறகு பாப்பா, கடைசியில் அவன். "வாங்க அத்தான், உக்காருங்க" என்பான். என் வீட்டில் என்னை உட்காரச் சொல்வான்.

அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துபோனது. தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம்தான். "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்று பாப்பா சொல்வாள். அந்தக் குரலில் கணீர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். மற்றவர்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு மதியமே திரும்பினேன். அவர்கள் என்னைச் சாயங்காலம்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் தளம் முழுக்கக் குழி. கொய்யா, மாதுளை, சப்போட்டா, அத்தி எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. டிரம்கள் வெறுமையாக ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. மைத்துனன் எலுமிச்சைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். என் மனைவி மரத்தை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். புடவையை இழுத்துச் செருகியிருந்தாள். முகமெல்லாம் வேர்வை.

மைத்துனன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மண்வெட்டியைக் கீழே வைத்தான். அந்த ஹாரன் தொண்டையிலிருந்து அவ்வளவு மெதுவாகக் குரல் வந்து நான் கேட்டதில்லை.

"அத்தான், நேரா சொல்லிடுறேன். நாளைக்குக் கெளம்புறோம். பாப்பாவுக்கு எதிர்வீட்டு நர்ஸ் சிஸ்டர் அவங்க ஆஸ்பத்திரி மூலமா படிக்க இடம் வாங்கிக் கொடுத்திருக்காங்க. நான் கூட்டிட்டுப் போறேன். அக்காவும் வர்றா."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன். என் மனைவியைப் பார்த்துத்தான் கேட்டேன்.

அவள் எலுமிச்சையை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நாங்க திரும்பி வரலைங்க."

அவளே மேலும் சொன்னாள். சண்டையாகச் சொல்லவில்லை. துணிக்கு மடிப்பு வைக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் மண்ணுல வச்சிட்டுப் போயிடலாம்னு நான்தான் சொன்னேன். தொட்டியில இருந்தா உங்க கைய எதிர்பாத்துக்கிட்டே கெடக்கும். மண்ணுல வச்சிட்டா, நீங்க ஊத்தலைன்னாலும் பொழைச்சுக்கும்."

நான் தலையாட்டினேன். உள்ளே போனேன். குளிர்ந்த தண்ணீர் ஒரு செம்பு குடித்தேன். விசேஷத்துக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தோட்டவேலைக்குப் போடுகிற பழைய சட்டையைப் போட்டுக்கொண்டேன். நீங்கள் அந்தச் சட்டையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தோட்டத்தில் கால் வைக்கும் முன் நான் எப்போதும் அதைத்தான் போடுவேன். அதற்கு வேறு அர்த்தம் வைத்தால் நான் என்ன செய்ய முடியும்?

திரும்பி வந்தபோது அவன் குழிக்குள் குனிந்து கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கடப்பாரை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. எடுத்தேன். முதல் அடி பின்மண்டையில். அமுங்கிய சத்தம்தான் வந்தது, ஆனாலும் அவன் விழவில்லை. முழங்காலிட்டபடி திரும்பி, ஏதோ மறந்துபோன விஷயத்தைக் கேட்க வந்தவன் மாதிரி என்னைப் பார்த்தான். "அத்தான்" என்றான். மரியாதை கெட்டவன் என்று அவனை நான் சொல்லவே மாட்டேன். இரண்டாவது அடியில் குழிக்குள்ளேயே முகம் குப்புற விழுந்தான்.

என் மனைவி கத்தவில்லை. குழிக்குள் இறங்கி அவன் மேல் படுத்துக்கொண்டாள். தலையோடு தலையாக, கட்டிக்கொண்டு. எழுந்திரு என்று சொன்னேன். அவன் இன்னும் அசைந்துகொண்டிருந்தான், முடிக்க வேண்டியிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கடப்பாரை இறங்குகிற இடத்தில் அவள் தலை இருந்தது.

ஒருமுறைதான் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் வேறு மாதிரி சொல்கிறார் என்கிறீர்கள். டாக்டர் படித்தவர், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். அவள் முகத்திலும் அடி இருக்கிறது என்றீர்கள். அதாவது, ஒரு கட்டத்தில் அவள் திரும்பி என்னைப் பார்த்திருக்கிறாள். ஆமாம். பார்த்தாள். பயந்த மாதிரி பார்க்கவில்லை. அன்றைக்கு அந்தக் கதவில் கை மாட்டியபோது பயந்தாள். இப்போது பயமில்லை. அதற்குப் பிறகும் அடித்தேன். அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

பாப்பா அந்த நேரத்தில் வீட்டில் இல்லை. எதிர்வீட்டில் நர்ஸிடம் ஒரு பெட்டி வாங்கி வரப் போயிருந்தாள். பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தாள். சிவப்பு நிறப் பெட்டி, சக்கரம் வைத்தது. அந்தச் சக்கரம் சிமென்டில் உருண்டு வருகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அவள் குழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள்.

இங்கே நீங்கள் தெளிவாக எழுத வேண்டும். பாப்பாவைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒரு கணம்கூட நினைக்கவில்லை. நினைத்திருந்தால் கடப்பாரை கையில்தான் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் அவள் பின்னால் போனேன். சந்து முனையில் பின்னலைப் பிடித்தேன். விழுந்தாள். முதுகில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"அப்பா, நான் போகலப்பா. சத்தியமா போகலப்பா. அம்மாவ மட்டும் பாக்க விடுங்கப்பா."

"சரிம்மா. அசையாம இரு" என்றேன்.

செடிக்கு ஒட்டுக் கட்டுகிற சின்ன மடக்குக் கத்தி எப்போதும் அந்தச் சட்டைப் பையில் இருக்கும். குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம், விரலால் தடவினால் கயிறு மாதிரி ஒரு நரம்பு தட்டுப்படும். அதைத்தான் அறுத்தேன். முதலில் வலது கால், பிறகு இடது. கத்தி கூர்மையாக இருந்தால் அதிக நேரம் ஆகாது. அவள் கத்தியது தெருவுக்கே கேட்டது என்கிறார்கள். எனக்கு அது தூரத்தில் கேட்ட மாதிரிதான் இருந்தது. ரத்தம் நிறையப் போகக் கூடாது என்று, ஒட்டுக்குச் சுற்றுகிற நாடாவை எடுத்து இரண்டு காலிலும் இறுக்கிக் கட்டினேன். கெடுதல் செய்ய நினைக்கிறவன் கட்டுப் போடுவானா?

மரத்துக்கு நான் செய்து வந்ததையும் இதையும் சேர்த்து வைத்து உங்கள் உதவியாளர் ஏதோ கேட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று சொன்னேன்.

எதிர்வீட்டு நர்ஸ்தான் முதலில் வந்தவர். சந்து வழியாக ஓடிவந்தார். செருப்பில்லை. பாப்பா காலை மடியில் வைத்து நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு பேசினார். மருத்துவமனையில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"அந்தக் கத்தியைக் கீழ வைங்க. அவளை என்கிட்ட விடுங்க."

நான் கத்தியைத் துடைத்து மடக்கி அவர் கையில் கொடுத்தேன்.

"நாடா போதாது, துணி வேணும். வீட்டுக்குள்ள போய் எடுத்துட்டு வாங்க. போங்க" என்றார்.

போனேன். சுத்தமான வேட்டி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் பாப்பாவைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். நல்ல பலசாலி. சந்துக் கதவையும் தெருக்கதவையும் வெளியே தாழ் போட்டுவிட்டார். என்னை ஏமாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும். அவரை நீங்கள் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்டீர்கள். இவ்வளவுக்கும் காரணம் அவர்தான் என்று நான் சொன்னதால் கேட்டீர்கள். என்ன கேள்வி இது? அவர் எங்கள் வீட்டு ஆள் இல்லை. ஊரான் வீட்டுப் பெண் மேல் நான் எதற்குக் கை நீட்ட வேண்டும்?

உங்கள் ஆட்கள் வரும்வரை வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் என்ன?

ஆக, நான் ஒப்புக்கொள்கிறேன். என் மைத்துனனைக் கொன்றது நான்தான். என் மனைவியைக் கொன்றதும் நான்தான். தெரிந்துதான் செய்தேன், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் செய்தேன். என் மகளின் கால்களை அறுத்ததும் நான்தான். யாரும் தூண்டவில்லை, குடித்திருக்கவும் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நேற்று நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்பாவைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்களாம். மாதக் கணக்கில் ஆகும், ஆனால் நடந்துவிடுவாள் என்றீர்கள். நன்றாகத் தெரியுமா என்று நான் கேட்டதற்கு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். அப்பன் கேட்கக்கூடிய கேள்விதானே அது.

அவள் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்றேன். நீங்கள் பேனாவை மூடினீர்கள். கேட்டிருப்பாள். உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருப்பாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கொஞ்ச நாள் பேசமாட்டாள், அப்புறம் வருவாள். வராமல் எங்கே போவாள்? அம்மா இல்லை, மாமன் இல்லை. என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?